மைக்ரோகோட் எங்க இருக்கு, எப்படி அப்டேட் பண்றது: செகண்ட் ஹேண்ட் சிஸ்டம் வச்சிருக்கவங்களுக்கும் சேர்த்து ஒரு வழிகாட்டி

பெங்களூர்ல ஐடி கம்பெனிங்க சில வருஷம் ஓட்டிட்டு கழிச்சு விடுற டெஸ்க்டாப்புங்க ஓசூர் வழியா கிருஷ்ணகிரி, காரிமங்கலம், தருமபுரின்னு நம்ம பக்கம் நிறைய வந்து இறங்குது. டெல் ஆப்டிப்ளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர்னு காலேஜ் பசங்க ரூம்ல இருந்து மண்டி பில்லிங் வரைக்கும் இதுதான் ஓடுது. நல்ல பெட்டிங்க, உழைக்கும். ஆனா வாங்குறவங்க ரேம் எவ்ளோ, எஸ்எஸ்டி இருக்கா, மானிட்டரோட சேர்த்து என்ன ரேட்டுன்னு கேக்குறாங்களே தவிர, அந்த ப்ராசசர்ல எந்த வருஷத்து மைக்ரோகோட் ஓடுதுன்னு யாரும் பாக்குறதில்ல, விக்கிறவங்களும் சொல்றதில்ல. ப்ராசசர்ல இருக்குற செக்யூரிட்டி ஓட்டை அடைஞ்சிருக்கா இல்லையாங்கறது பாதி அதுலதான் இருக்கு. அதனாலதான் இத உக்காந்து எழுதுறேன், கம்ப்யூட்டருக்குப் புதுசா வர்றவங்களும் படிச்சு செய்யுற மாதிரி.

முதல்ல ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கோங்க, இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். மைக்ரோகோட் அப்டேட்ங்கறது ப்ராசசருக்குள்ள நிரந்தரமா எழுதி வைக்கிற விஷயம் கிடையாது. சிஸ்டத்த ஆஃப் பண்ணா போயிடும். திரும்ப ஆன் பண்றப்ப யாராவது ஒருத்தர் மறுபடி ஏத்தணும், ஒண்ணு பயாஸ் (ஆன் பண்ண உடனே முதல்ல ஓடுற, மதர்போர்டுலயே இருக்குற ப்ரோக்ராம்) ஏத்தணும் இல்ல விண்டோஸோ லினக்ஸோ ஏத்தணும். "ஒரு தடவ அப்டேட் போட்டாச்சு, ப்ராசசர கழட்டி வேற போர்டுல மாட்டினாலும் அதுலயே இருக்கும்"னு நெனைக்கிறவங்க நிறைய பேரு, அப்படி இல்ல.

சரி, மைக்ரோகோட்னா என்ன. நாம குடுக்குற ப்ரோக்ராம ப்ராசசர் இன்ஸ்ட்ரக்ஷன் இன்ஸ்ட்ரக்ஷனா எடுத்து செய்யுது. ரெண்டு நம்பர கூட்டுறது மாதிரி சின்ன வேலைய சர்க்யூட்டே நேரா முடிச்சிடும். ஆனா இன்டெல், ஏஎம்டி ப்ராசசர்ல சில இன்ஸ்ட்ரக்ஷன் பாக்க ஒரு வரிதான், உள்ள போனா பெரிய வேலை. மெமரில ஒரு பெரிய பகுதிய அப்படியே இன்னொரு எடத்துக்கு காப்பி பண்றது, "நீ எந்த மாடல் ப்ராசசர்"னு கேட்டு பதில் வாங்குறது, சைன் காஸ் கணக்கு போடுறது, இந்த மாதிரி. இதுக்கெல்லாம் சின்னச் சின்ன மைக்ரோ ஆபரேஷனா உடைச்சு, எது முன்ன எது பின்னன்னு வரிசையா எழுதி, ப்ராசசர் சில்லுக்குள்ளயே ஒரு ரோம்ல, அதாவது படிக்க மட்டுமே முடியுற மெமரில வச்சிருக்காங்க, அந்த வரிசைக்குப் பேருதான் மைக்ரோகோட். இன்டெல்ல பொதுவா நாலு மைக்ரோ ஆபரேஷனுக்கு மேல போற இன்ஸ்ட்ரக்ஷன் இந்த ரோம்ல இருந்துதான் வரும்.

இது புது ஐடியாவும் இல்ல. 1951லயே மாரிஸ் வில்க்ஸ்ங்கற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் விஞ்ஞானி இத முன்மொழிஞ்சாரு, கேம்பிரிட்ஜ்ல அவரு டீம் செஞ்ச எட்சாக் 2ங்கற கம்ப்யூட்டர் இந்த முறையில ஓடுச்சு, அப்புறம் 1964ல ஐபிஎம் அறிவிச்ச சிஸ்டம்/360 வரிசைல சின்ன மெஷின் பெரிய மெஷின் எல்லாத்துலயும் ஒரே ப்ரோக்ராம் ஓடுறதுக்கு மைக்ரோகோட்தான் கை கொடுத்துச்சு. 1978ல வந்த இன்டெல் 8086ல மைக்ரோகோட் ரோம் மொத்தமே 512 வரி, ஒரு வரிக்கு 21 பிட், அவ்ளோதான், ஒரு வாட்சப் ஸ்டிக்கர விட சின்னது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் ஃப்ளாப்பி. பழைய ப்ரவுசிங் சென்டர் ஆளுங்களுக்கு ஃப்ளாப்பி ஞாபகம் இருக்கும், அதோட முதல் வடிவம், 1971ல வந்த 8 இன்ச் டிஸ்க், 80 கிலோபைட் தான் புடிக்கும், ஐபிஎம் அத செஞ்சதே சிஸ்டம்/370 மெஷினுக்கு மைக்ரோகோட ஏத்துறதுக்குத்தான். அந்த மெஷின்ல மைக்ரோகோட் இருந்த மெமரி கரண்ட் போனா அழிஞ்சிடும், தினம் திரும்ப ஏத்த ஒரு சல்லிசான சாதனம் வேணும்னு தேடிப் போய் பொறந்ததுதான் ஃப்ளாப்பி. இன்னைக்கு உங்க மேசைல இருக்குற பெட்டியும் இந்த விஷயத்துல அதே பழக்கம்தான்.

இப்ப எங்க எங்க இருக்குன்னு பாப்போம். ப்ராசசருக்குள்ள ரெண்டு எடம். ஒண்ணு ரோம், ஃபேக்டரில செய்யும்போதே பதிஞ்சது, யாராலயும் மாத்த முடியாது. ரெண்டாவது ஒரு குட்டி ரேம், பேட்ச் ரேம்னு சொல்லுவாங்க, அப்டேட் வந்து உக்காருறது இங்கதான். தருமபுரி மாதிரி ஊரு பஸ் ஸ்டாண்டு சுவத்துல பெயிண்ட்ல பஸ் டைம் எழுதியிருக்கும், மாத்தம் வந்தா சுவத்த இடிக்க மாட்டாங்க, பக்கத்துல ஒரு பலகைல சாக்பீஸால "பென்னாகரம் 6.10 இனி 6.25"னு எழுதி மாட்டிடுவாங்க, மழை அடிச்சா அழிஞ்சிடும், காலைல வந்து மறுபடி எழுதணும், அப்படித்தான் இது.

ப்ராசசர் எப்படி பலகைய பாக்கும்னு கேப்பீங்க. மேட்ச் ரெஜிஸ்டர்னு, முகவரிய குறிச்சு வைக்கிற குட்டி எடம் கொஞ்சம் ப்ராசசருக்குள்ள இருக்கு. ரோம்ல எந்த முகவரில தப்பு இருக்கோ அந்த முகவரிய அப்டேட் வந்து இதுல போட்டு வச்சிடும். ப்ராசசர் ரோம படிச்சிட்டே வர்றப்ப அந்த முகவரி வந்த உடனே அங்க இருந்து தாவி பேட்ச் ரேம்ல இருக்குற புது வரிய எடுத்துக்கும். மேட்ச் ரெஜிஸ்டரும் கொஞ்சம்தான், பேட்ச் ரேமும் சின்னது, அதனால எல்லாத் தப்பையும் இப்படி சரி பண்ண முடியாது, சர்க்யூட்லயே இருக்குற கோளாறு சிலத ஒண்ணும் பண்ண முடியாது, சிலத ஒரு வசதிய அணைச்சு வச்சோ சுத்தி வளைச்சு போயோ சமாளிப்பாங்க.

இந்த வசதி எவ்ளோ முக்கியம்னு 1994ல உலகத்துக்கே தெரிஞ்சுது. பென்டியம் ப்ராசசர்ல வகுத்தல் கணக்கு சில நம்பருக்கு தப்பா வந்துச்சு, அமெரிக்கால தாமஸ் நைஸ்லின்னு ஒரு கணிதப் பேராசிரியர் கண்டுபிடிச்சாரு, காரணம் வகுத்தலுக்கு உள்ள வச்சிருந்த டேபிள்ல சில எடம் காலியா விட்டுப் போனது. அந்த சில்லுல ஃபேக்டரிய விட்டு வந்தப்புறம் அப்டேட் ஏத்துற வழி கிடையாது, மாத்திக் குடுக்குறத தவிர வேற வழியில்ல, இன்டெல்லுக்கு 47.5 கோடி டாலர் செலவு கணக்கு. அடுத்த வருஷம் 1995ல வந்த பென்டியம் ப்ரோல இருந்து மைக்ரோகோட் அப்டேட் ஏத்தலாம்.

ப்ராசசருக்கு வெளிய அந்த அப்டேட் ஃபைல் ரெண்டு எடத்துல உக்காந்திருக்கும். மதர்போர்டுல எட்டு கால் வச்ச சின்ன ஃப்ளாஷ் சிப்ல, அதாவது பயாஸ் சிப்ல, பயாஸோட ஒரு பகுதியா இருக்கும். இல்லன்னா ஹார்ட் டிஸ்க்ல ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபோல்டர்ல இருக்கும், விண்டோஸ்ல சிஸ்டம்32 உள்ள எம்சிஅப்டேட்னு ஆரம்பிக்கிற ரெண்டு டிஎல்எல் இன்டெல்லுக்கு ஒண்ணு ஏஎம்டிக்கு ஒண்ணு, லினக்ஸ்ல ஃபர்ம்வேர் ஃபோல்டர்ல. ஆன் பண்ண உடனே முதல்ல பயாஸ்ல இருக்குறது ஏறும், இப்ப வர்ற இன்டெல்ல பயாஸோட முதல் வரி ஓடுறதுக்கு முன்னாடியே ப்ராசசர் தானா தேடி எடுத்துக்கும். அப்புறம் விண்டோஸோ லினக்ஸோ பூட் ஆகும்போது தன்கிட்ட அதைவிடப் புதுசு இருக்கான்னு பாக்கும், இருந்தா அத ஏத்தும், இல்லன்னா சும்மா விட்டுடும். ஸ்லீப் போட்டு எழுப்பினாலும் ப்ராசசர் கரண்ட் போய் வந்திருந்தா மறுபடி ஏத்தும், அதெல்லாம் அதுவே பாத்துக்கும்.

கண்ட ஃபைல யாராவது ஏத்திட்டா என்ன ஆகும்னு பயம் வரும். ஃபைலுக்கு முன்னால 48 பைட்டுக்கு ஒரு ஹெடர் இருக்கும், இது இன்டெல் கணக்கு, அதுல எந்த ப்ராசசருக்கு, என்ன தேதி, எந்த ரிவிஷன் (பதிப்பு நம்பர்)னு எழுதியிருக்கும், ப்ராசசர் வகைய சொல்ற ஃபேமிலி, மாடல், ஸ்டெப்பிங்னு மூணு நம்பரும் பொருந்தலன்னா ப்ராசசர் ஏத்துக்காது. அது போக டிஜிட்டல் கையெழுத்து இருக்கு, கம்பெனி கையெழுத்து இல்லாதத தள்ளிடும். இந்தக் காவலும் ஒருக்கா உடைஞ்சுது. 2025ல கூகுள் ஆளுங்க ஏஎம்டியோட ஜென் 1ல இருந்து ஜென் 4 வரைக்குமான ப்ராசசர் தலைமுறைங்கள்ல அந்தக் கையெழுத்து சரிபாக்குற முறைல, பொதுவெளில உதாரணத்துக்குக் குடுத்திருந்த ஒரு சாவியவே போட்டு வச்சிருக்காங்கன்னு காட்டினாங்க, அத வச்சு அவங்களே சொந்தமா மைக்ரோகோட் எழுதி ஏத்தியும் காட்டினாங்க, என்ட்ரிசைன்னு பேரு. அதுக்கு கம்ப்யூட்டர்ல அட்மின் உரிமை வேணும், சும்மா வெப்சைட் பாத்தா நடக்காது, ஆனாலும் இந்த ஜென் வகைல வர்ற ரைசன் ப்ராசசர் வச்சிருக்கவங்க பயாஸ் அப்டேட்ட தள்ளிப் போடாம இருக்க இதுவே போதும்.

இனி செய்முறை.

முதல்ல உங்ககிட்ட என்ன இருக்குன்னு பாருங்க. விண்டோஸ்ல ஸ்டார்ட்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன்னு தேடித் தொறங்க, ப்ராசசர் பேரு, போர்டு மாடல், பயாஸ் வெர்ஷனும் தேதியும் ஒரே பக்கத்துல இருக்கும், போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. மைக்ரோகோட் நம்பர் பாக்க ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு இலவச டூல் இருக்கு, அத ஓட்டுனா வர்ற சம்மரி பக்கத்துல எம்சியூன்னு ஒரு கட்டம், அதான். வேற எதுவும் இன்ஸ்டால் பண்ண வேணாம்னா ரெஜிஸ்ட்ரி எடிட்டர தொறந்து ஹெச்கீ லோக்கல் மெஷின், ஹார்ட்வேர், டிஸ்க்ரிப்ஷன், சிஸ்டம், சென்ட்ரல் ப்ராசசர், 0ன்னு வரிசையா உள்ள போங்க. வலது பக்கம் அப்டேட் ரிவிஷன், ப்ரீவியஸ் அப்டேட் ரிவிஷன்னு ரெண்டு வரி இருக்கும். ப்ரீவியஸ்னு இருக்குறது பயாஸ் ஏத்துனது, இன்னொண்ணு இப்ப ஓடுறது. ரெண்டும் வேற வேறயா இருந்தா விண்டோஸ் வந்து புதுச ஏத்தியிருக்குன்னு அர்த்தம், ஒரே மாதிரி இருந்தா பயாஸ்ல இருக்குறதே ஓடுது. பாத்துட்டு மூடிடுங்க, அங்க எதையும் மாத்தாதீங்க.

லினக்ஸ்ல இன்னும் சுலபம். ப்ராக் ஃபோல்டர்ல சிபியூஇன்ஃபோங்கற ஃபைல தொறந்தா ஒவ்வொரு கோருக்கும் மைக்ரோகோட்னு ஒரு வரி இருக்கும். லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலோட லாக்லயும் மைக்ரோகோட்னு தேடுனா எதுல இருந்து எதுக்கு மாறுச்சுன்னு சொல்லும். சிஸ் ஃபோல்டருக்குள்ள சிபியூ டிவைஸ்ல வல்னரபிலிட்டீஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, நான் யாருக்கு சிஸ்டம் பாத்தாலும் இத கட்டாயம் பாப்பேன், ஸ்பெக்டர், மெல்ட்டவுன்னு ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு ஃபைல், உள்ள மிட்டிகேஷன்னு இருந்தா சமாளிச்சாச்சு, வல்னரபிள்னு போட்டு பக்கத்துல நோ மைக்ரோகோட்னு இருந்தா மைக்ரோகோட் இல்லாததால ஓட்டை தொறந்தே இருக்கு. விர்ச்சுவல் மெஷினுக்குள்ள (ஒரு சிஸ்டத்துக்குள்ள சாஃப்ட்வேரா ஓடுற இன்னொரு சிஸ்டம்) இருந்து பாத்தீங்கன்னா அந்த நம்பர நம்பாதீங்க, உள்ள இருந்து ஏத்தவும் முடியாது, வெளிய இருக்குற அசல் சிஸ்டம்தான் ஏத்தணும்.

நம்பர் ஹெக்சாடெசிமல்ல, அதாவது பதினாற அடிப்படையா வச்ச எண் முறைல இருக்கும், அதனால நடுவுல ஏ பி சின்னு எழுத்து வந்தா குழம்பாதீங்க. ஒவ்வொரு ப்ராசசர் வகைக்கும் தனி வரிசை, உங்க நண்பரோட சிஸ்டத்துல பெரிய நம்பர் இருக்குங்கறதால உங்களது பழசுன்னு ஆகாது. உதாரணத்துக்கு நம்ம பக்கம் அதிகமா ஓடுற நாலாம் தலைமுறை ஐ5, ஆப்டிப்ளெக்ஸ் 9020ல எல்லாம் வர்ற டெஸ்க்டாப் ஹாஸ்வெல், அதுக்கு லினக்ஸ்ல ஃபைல் பேரு 06-3சி-03, அதாவது ஃபேமிலி, மாடல், ஸ்டெப்பிங். அதுக்கு 2019 நவம்பர் தேதி போட்ட ரிவிஷன் 28தான் கடைசி. உங்க ஹாஸ்வெல்ல 28 காட்டுனா வர வேண்டியது எல்லாம் வந்தாச்சு, பயாஸ தொடவே வேணாம்.

ரெண்டாவது, ஆப்பரேட்டிங் சிஸ்டம் வழியா ஏத்துங்க. பயாஸ விட இத முன்னாடி சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பயாஸ் ஃப்ளாஷ் பண்றப்ப, அதாவது பயாஸ் சிப்ல புதுசா எழுதுறப்ப தப்பு நடந்தா போர்டே போயிடலாம், இதுல எது தப்பா போனாலும் அந்தப் பேக்கேஜ எடுத்துட்டு ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பழையபடி ஆயிடும். 2018 ஜனவரில நடந்தது இதுக்கு நல்ல சாட்சி. ஸ்பெக்டருக்கு இன்டெல் குடுத்த மைக்ரோகோட் ஹாஸ்வெல், அதுக்கு அடுத்து வந்த ப்ராட்வெல் சிஸ்டத்தையெல்லாம் தானா ரீஸ்டார்ட் ஆக வச்சுது, ஜனவரி 22ஆம் தேதி இன்டெல்லே "இத இப்ப போடாதீங்க"ன்னு சொல்லிடுச்சு. லினக்ஸ் வழியா போட்டவங்க பேக்கேஜ பின்னாடி இழுத்துக்கிட்டாங்க, வேலை முடிஞ்சுது, பயாஸ்ல போட்டவங்க பழைய பயாஸ தேடி மறுபடி ஃப்ளாஷ் பண்ண வேண்டியதாச்சு. ஆஃப் பண்ணா அழியுறது குறைன்னு நெனைக்காதீங்க, அதுதான் இதுல இருக்குற பாதுகாப்பே.

விண்டோஸ்ல தனியா எதுவும் பண்ண வேண்டியதில்ல, விண்டோஸ் அப்டேட்ட நிறுத்தி வைக்காம இருந்தா போதும், இன்டெல் மைக்ரோகோட் அதோட வரும். ஆனா நம்ம பக்கம் "நெட் டேட்டா தீந்துடும்"னு அப்டேட்ட மொத்தமா அணைச்சு வச்ச சிஸ்டம்தான் அதிகம், அத முதல்ல தொறந்து விடுங்க. அப்புறம் ஒரு கசப்பான விஷயம். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, விண்டோஸ் 11 இன்டெல்ல எட்டாம் தலைமுறைக்கு கீழ இருக்குறத பெரும்பாலும் முறைப்படி ஏத்துக்கறதில்ல. அப்ப நாலாம், ஆறாம் தலைமுறை பெட்டி வச்சிருக்கவங்க என்ன பண்றது? என்னக் கேட்டா லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போடுங்கன்னுதான் சொல்லுவேன். பில்லிங் சாஃப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடும்னா அந்த சிஸ்டத்துல நெட் பேங்கிங் பண்ணாதீங்க.

லினக்ஸ் மின்ட்ல டிரைவர் மேனேஜர தொறங்க, இன்டெல் மைக்ரோகோட்னு காட்டும், டிக் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க, அவ்ளோதான். உபுண்டுல சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்ல அடிஷனல் டிரைவர்ஸ் பக்கத்துல இருக்கும், பெரும்பாலும் முன்னாடியே போட்டிருக்கும். டெபியன் 12ல இருந்து ஃபர்ம்வேருக்கு தனிப் பகுதி வச்சு இன்ஸ்டாலரே எடுத்துக்கும், அதுக்கு முந்தினதுல "நான்-ஃப்ரீ"ன்னு பேரு வச்ச பேக்கேஜ் பகுதிய நீங்கதான் தொறந்து விடணும். இந்தப் பேக்கேஜ் மைக்ரோகோட கெர்னலோட சேர்ந்து லோட் ஆகுற இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலோட தலைப்பக்கம் ஒட்டி வைக்கும், அதனால கெர்னல் கண்ணு முழிச்ச உடனே முதல் வேலையா ஏத்திடும். ஓடிட்டு இருக்குற சிஸ்டத்துல ரீஸ்டார்ட் பண்ணாம ஏத்துற வழியும் ஒண்ணு இருக்கு, பழைய பக்கங்கள்ல எல்லாம் போட்டிருப்பாங்க, அத பண்ணாதீங்க, ப்ரோக்ராம் ஓடிட்டு இருக்குறப்ப ப்ராசசரோட குணத்த நடுவுல மாத்துனா சிஸ்டம் தடுமாறும், அதனாலதான் லினக்ஸ் கெர்னல் 5.19ல இருந்து அத இயல்பா அணைச்சே வச்சிருக்காங்க.

ரீஸ்டார்ட் ஆனதும் முதல் படில பாத்த நம்பர மறுபடி பாருங்க. மாறியிருந்தா ஏறிடுச்சு. மாறலன்னா ஒண்ணு பயாஸ்லயே அதே ரிவிஷன் இருக்கு, இல்ல உங்க ப்ராசசருக்கு ஃபைலே வரல.

மூணாவது, பயாஸ் அப்டேட் உங்களுக்கு தேவையான்னு முடிவு பண்ணுங்க. தேவையில்லாம பயாஸ தொடாதீங்கன்னு சொல்ற கட்சி நான், ஆனா ரெண்டு பேருக்கு கட்டாயம்.

ஒண்ணு ரைசன் டெஸ்க்டாப், லேப்டாப் வச்சிருக்கவங்க. ஏஎம்டி சாதாரண ரைசனுக்கு மைக்ரோகோட பெரும்பாலும் அஜீசாங்கற தொகுப்புல வச்சு பயாஸ் வழியாத்தான் தர்றாங்க, லினக்ஸ் பேக்கேஜ்ல இருக்குறது முக்கால்வாசி சர்வர் ப்ராசசருக்கு. 2023 ஜூலைல கூகுள் செக்யூரிட்டி ஆராய்ச்சியாளர் டாவிஸ் ஓர்மண்டி வெளிய சொன்ன ஜென்ப்ளீட் ஓட்டை, ஜென் 2ல ஒரு ப்ரோக்ராம் இன்னொரு ப்ரோக்ராமோட ரெஜிஸ்டர்ல இருந்த பாஸ்வேர்டு மாதிரி விஷயத்த எட்டிப் பாத்துடலாம்ங்கறது, சர்வருக்கு உடனே மைக்ரோகோட் வந்துச்சு, வீட்டு ரைசனுக்கு பயாஸ் வர மாசக்கணக்குல ஆச்சு.

ரெண்டாவது ஆளுங்க இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் வச்சிருக்கவங்க, ஓசூர் சிப்காட் பக்கம் டூல் ரூம்ல கேட் (CAD) டிசைன், அதாவது கம்ப்யூட்டர்ல பாகங்கள வரையுற வேலை போடுறவங்ககிட்ட இந்த ஐ7, ஐ9 நிறைய இருக்கு, அவங்க இத கவனமா படிங்க. இந்த ப்ராசசர்ங்க தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டு வாங்கி, நாள் போகப் போக உள்ள இருக்குற சர்க்யூட் தேய்ஞ்சு போயிடுது, கேம் நின்னுடும், ரெண்டரிங் பாதில க்ராஷ் ஆகும், கிராஃபிக்ஸ் கார்டு நல்லா இருக்கும்போதே வீடியோ மெமரி பத்தலன்னு பொய்யா எரர் வரும். இன்டெல் 2024 ஆகஸ்ட்ல ரிவிஷன் 129, செப்டம்பர்ல 12பி, 2025 மே மாசம் 12எஃப்னு விட்டாங்க, இதெல்லாம் முக்கியமா பயாஸ் வழியாத்தான் போடணும். வோல்டேஜ் விஷயம் சிஸ்டம் கண்ணு முழிக்கிறதுக்கு முன்னாடியே சரியா இருக்கணும். முக்கியமானது, ஏற்கனவே தேய்ஞ்சத மைக்ரோகோட் திருப்பித் தராது, இனிமே தேயாம பாத்துக்கும் அவ்ளோதான், அதனால அறிகுறி தெரியலன்னாலும் இன்னைக்கே போடுங்க, அறிகுறி தெரிஞ்சா மாத்திக் கேளுங்க, இதுக்காகவே இன்டெல் வாரண்டிய 2 வருஷம் கூட்டிக் குடுத்திருக்காங்க.

மத்தவங்களுக்கு விண்டோஸோ லினக்ஸோ கடைசி ரிவிஷன ஏத்திடுச்சுன்னா பயாஸ அவசரமா தொட வேண்டியதில்ல.

நாலாவது, பயாஸ் போட்டுத்தான் ஆகணும்னா இப்படிப் போடுங்க. முந்தின நாளே பேப்பர்ல மின்தடை அறிவிப்பு பாருங்க, மாதாந்திர பராமரிப்புன்னு காலைல இருந்து சாயந்திரம் வரைக்கும் எடுக்குற நாள்ல இந்த வேலை வேணாம். சித்திரை வைகாசில சாயங்கால நேரம் தொப்பூர் பக்கம் மேகம் கட்டுச்சுன்னா காத்தும் இடியுமா வந்து கரண்ட் போயிட்டு போயிட்டு வரும், அந்த நேரத்துல எவ்ளோ அவசரம்னு சொன்னாலும் நான் பயாஸ் போட மாட்டேன். டெஸ்க்டாப்னா பேட்டரி உசுரோட இருக்குற யூபிஎஸ் கட்டாயம், சுவிட்ச புடுங்கி அஞ்சு நிமிஷம் தாங்குதான்னு முன்னாடியே பாருங்க. லேப்டாப்னா பேட்டரியும் நிறைய இருக்கணும் சார்ஜரும் மாட்டியிருக்கணும்.

அடுத்தது பிட்லாக்கர், இத சொல்லாம விட்டு மாட்டிக்கிட்டவங்க நிறைய. விண்டோஸ்ல டிஸ்க் என்க்ரிப்ஷன் ஆன்ல இருந்தா பயாஸ் மாறுனதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும், அது இல்லன்னா ஃபைல் எல்லாம் உள்ளயே பூட்டிக்கும். முன்னாடியே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல அந்த கீ இருக்கான்னு பாத்து எழுதி வச்சுக்கோங்க, பிட்லாக்கர சஸ்பெண்ட்ல போடுங்க, அப்புறம் ஆரம்பிங்க. பயாஸ் செட்டிங்ஸ் பக்கம் ஒவ்வொண்ணையும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க, ஏன்னா அப்டேட் முடிஞ்சதும் எல்லாம் ஃபேக்டரி செட்டிங்குக்குப் போகலாம், டிஸ்க்கோட பேசுற முறையான சாட்டா மோடு மாறினா விண்டோஸ் பூட்டே ஆகாது, விர்ச்சுவலைசேஷன் அணைஞ்சிடும், ரேம் ஸ்பீடு குறைஞ்சிடும், பலபேரு இத பாத்துட்டு அப்டேட்டால சிஸ்டமே கெட்டுப் போச்சுன்னு தூக்கிட்டு வர்றாங்க.

ஃபைல போர்டு கம்பெனியோட சொந்த சைட்டுல இருந்து மட்டும் எடுங்க. மாடல் பேரு முழுசா பொருந்தணும், போர்டுல ரிவிஷன் 1.0, 2.0ன்னு அச்சடிச்சிருந்தா அதுவும் பொருந்தணும். டெல் மாதிரி பெட்டிங்கள்ல பின்னாடி இருக்குற சர்வீஸ் டேக் நம்பர போட்டா சரியான ஃபைலயே காட்டும். ஃபேட்32ல ஃபார்மேட் பண்ண பென்டிரைவ்ல போட்டு, பயாஸுக்குள்ளயே இருக்குற டூல் வழியா ஏத்துங்க, ஆசுஸ்ல ஈசி ஃப்ளாஷ், ஜிகாபைட்ல க்யூ ஃப்ளாஷ், எம்எஸ்ஐல எம் ஃப்ளாஷ், டெல்ல ஆன் பண்ணி எஃப்12 அமுக்குனா ஃப்ளாஷ் அப்டேட்னு வரும். ரொம்பப் பழைய பயாஸ்ல இருந்து நேரா கடைசி வெர்ஷனுக்கு தாவக்கூடாதுன்னு சில மாடலுக்கு குறிப்பு போட்டிருப்பாங்க, அத படிச்சிட்டு நடுவுல இருக்குற வெர்ஷன முதல்ல போடுங்க. ஓடும்போது கருப்பு ஸ்க்ரீன் வந்தாலும், தானா ரெண்டு மூணு தடவ ரீஸ்டார்ட் ஆனாலும் கை வைக்காம உக்காந்திருங்க, பவர் பட்டன் மேல கையே போகக்கூடாது.

முடிஞ்சதும் போட்டோ பாத்து செட்டிங்ஸ திரும்ப வைங்க, விண்டோஸ் ஏறினதும் பிட்லாக்கர் மறுபடி ஆன் ஆயிடுச்சான்னு பாருங்க, மைக்ரோகோட் நம்பர பாருங்க. சில கம்பெனி பயாஸ் தேதி புதுசா இருக்கும், உள்ள மைக்ரோகோட் பழசாவே இருக்கும், அதனால வெர்ஷன் நம்பர மட்டும் நம்பாதீங்க.

நடுவுல கரண்ட் போயி போர்டு செத்துடுச்சுன்னா உடனே குப்பைல போடாதீங்க. போர்டு பின்னால பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தா ப்ராசசர் கூட இல்லாம பென்டிரைவ்ல இருந்து ஏத்தலாம். இல்லன்னா சிஹெச்341ஏ ப்ரோக்ராமர்ங்கற, சிப்ல எழுதுற குட்டிக் கருவியும் எட்டு கால் கிளிப்பும் வச்சு அந்தச் சிப்ப நேரா எழுதலாம், நம்ம ஊர்லயே லேப்டாப் சிப் லெவல் வேலை பாக்குறவங்ககிட்ட இருக்கும். அவங்ககிட்ட ரெண்டு விஷயம் சொல்லுங்க, எழுதுறதுக்கு முன்னாடி பழையத படிச்சு பேக்கப் எடுக்கணும், ஏன்னா சீரியல் நம்பர், லான் முகவரி எல்லாம் அந்த சிப்லதான் இருக்கலாம், அப்புறம் சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டான்னு பாத்துத்தான் மாட்டணும், 1.8 சிப்புக்கு தனி அடாப்டர் இல்லாம மாட்டினா சிப் போயிடும்.

பாலக்கோட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டாரு, "அண்ணா, இத போட்டா சிஸ்டம் ஸ்பீடாகுமா?" ஆகாது தம்பி. சில சமயம் கொஞ்சம் குறையும். 2023 ஆகஸ்ட்ல வந்த டவுன்ஃபால் ஓட்டைக்கு போட்ட மைக்ரோகோட் சில குறிப்பிட்ட கணக்கு வேலைல 50 சதவீதம் வரைக்கும் இழுக்கலாம்னு இன்டெல்லே சொல்லிச்சு, ஆனா அது கேதர்ங்கற இன்ஸ்ட்ரக்ஷன அள்ளி அள்ளி பயன்படுத்துற பெரிய கம்ப்யூட்டிங் வேலைக்கு, டேலி, ஆபிஸ், ப்ரவுசர் ஓட்டுறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. வேகத்துக்காக இத அணைக்கச் சொல்ற வீடியோக்கள நம்பி அணைக்காதீங்க, முக்கியமா ஒரே சிஸ்டத்துல பத்து பேரு வந்து உக்கார்ற எடத்துல.

கடைசியா கோர் 2 டுவோ, கோர் 2 குவாட் வச்சிருக்கவங்களுக்கு. வோல்ஃப்டேல், யார்க்ஃபீல்ட் மாதிரி அந்தக் கால ப்ராசசருக்கு ஸ்பெக்டர் மைக்ரோகோட் தரப்போறதில்லன்னு இன்டெல் 2018 ஏப்ரல்லயே முடிச்சிடுச்சு, அதனால இதுக்குன்னு பயாஸ தேடி அலையாதீங்க, யாராவது "புது மைக்ரோகோட் போட்டுத் தர்றேன்"னு காசு கேட்டா குடுக்காதீங்க. அத நெட்ல இருந்து கழட்டிட்டு பசங்க டைப்பிங் பழகவோ, பழைய ஃபைல் வைக்கவோ வச்சுக்கோங்க, பேங்க் வேலைக்கு எட்டாம் தலைமுறைக்கு மேல ஒரு பெட்டி பாருங்க. அத வாங்கப் போறப்ப கடைலயே ஆன் பண்ணி சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல பயாஸ் தேதியையும், பயாஸுக்கு பாஸ்வேர்டு போட்டு பூட்டியிருக்காங்கற விஷயத்தையும் பாத்துட்டு அப்புறம் காசு குடுங்க, கம்பெனில கழிச்ச பெட்டிங்கள்ல அட்மின் பாஸ்வேர்டு அப்படியே இருக்கும், அது இருந்தா பல மாடல்ல பயாஸ் அப்டேட்டே போட விடாது.